வெயிலில் ஓடும் வண்டியில் நமக்கு இடம் உண்டா?



அண்மையில் கல்லூரி மாணவர்களோடு ஒரு நாள் பயிலரங்கு நடத்தினோம். காலநிலை மாற்றம், சூரிய ஆற்றல், மின்சார வண்டி என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது முதலாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: "தோழர், எங்க காலனிக்கு டீசல் பஸ்ஸே வரல. சோலார் பஸ்ஸப் பத்திப் பேசி நமக்கு என்ன ஆகப்போகுது?" அரங்கம் சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது. பதில் மட்டும் சரியாக வரவில்லை. பசுமைப் போக்குவரத்து என்பது வசதியுள்ளவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிடலாமா, அல்லது அதில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறதா? அந்த மாணவிக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். வண்டி என்பது நமக்கு ஒருபோதும் வெறும் வண்டியாக இருந்ததில்லை.

1901ஆம் ஆண்டு. சிறுவன் பீமராவ், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க கோரேகாவுக்குப் புறப்படுகிறான். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டி தேடுகிறார்கள். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரரும் வர மறுக்கிறார். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதிக்கிறார், அதுவும் ஒரு நிபந்தனையோடு: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். அதே மனிதர் 1929இல் பாரிஸ்டர் அம்பேத்கராக, அரசு நியமித்த குழுவின் உறுப்பினராக சாலிஸ்காவில் இறங்குகிறார். குதிரைவண்டிக்காரர் வண்டியைத் தருகிறார், ஓட்ட மாட்டேன் என்கிறார். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத ஒரு தலித் தோழர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். பாலத்தில் சக்கரம் மாட்டி, அண்ணல் கல் தரையில் வீசப்பட்டு, கால் எலும்பு முறிகிறது. 28 ஆண்டுகளில் படிப்பு மாறியது, பதவி மாறியது, வண்டிகூட மாறியது. ஓட்டுபவரின் மனம் மாறவில்லை.

தமிழ்நாட்டுக் கதை இதற்குக் குறைந்ததல்ல. 1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கென அமைந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. முடிவில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கிவிட்டது. இன்று பேருந்தின் பக்கவாட்டில் வெறும் 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று மட்டும் இருப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டதும் பேருந்தை மறித்துத்தான். 2025 மார்ச் மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் போன தலித் மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்து விரல்களை வெட்டினார்கள். அதற்கு முந்தைய மாதம் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அந்தக் குடும்பம் சொன்னது.

ஆகவே வண்டி எந்த எரிபொருளில் ஓடுகிறது என்ற கேள்வியோடு, அதில் யார் ஏறலாம், யார் ஓட்டலாம், அது எந்தத் தெருவில் போகலாம் என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்பவர்கள் நாம். பசுமைப் பேச்சு பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

வைக்கத்துப் படகு

இப்போது ஒரு நல்ல செய்தி. 2017 ஜனவரியில் கேரளத்தில் 'ஆதித்யா' என்ற படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் உட்காரலாம். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள், 20 கிலோவாட். டீசல் புகை இல்லை, எஞ்சின் இரைச்சல் இல்லை. இந்தியாவின் முதல் சூரிய ஆற்றல் பயணிகள் படகு அது. அது ஓடும் வழி எது தெரியுமா? வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே.

ஆமாம், அதே வைக்கம். 1924 மார்ச் 30ஆம் தேதி, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மூன்று பேர் முதலில் நடந்து கைதானார்கள். அவர்களில் ஒருவர் புலையர் சமூகத்தைச் சேர்ந்த குஞ்ஞப்பி. தந்தை பெரியார் போய் இருமுறை சிறைப்பட்டதும் அங்கேதான். போராட்டம் 1925 நவம்பர் வரை நீண்டது. முடிவில் மூன்று தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. நடப்பதற்கே உரிமை கேட்டுச் சிறை போன ஊரில், இன்று யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கி வெயிலில் ஓடும் படகில் ஏறலாம். இதை நாங்கள் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

அந்தப் படகில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அதை இயக்குவது மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை. அதாவது படகு மக்களுடையது, கட்டணத்தை முடிவு செய்வது அரசு. தொழில்நுட்பம் புதிது, நிர்வாகம் பொதுவில் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு ஆதித்யா சாட்சி. இதை மனதில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வருவோம்.

கூரையில் தகடு ஒட்டினால் போதுமா?

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. படகுக்கு முடிந்தது பேருந்துக்கு முடியுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். படகின் கூரை அகலம், வேகம் குறைவு, தூரமும் குறைவு. அதனால் முடிந்தது. பேருந்தின் நீளம் 12 மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர். கூரையில் 5 கிலோவாட் அளவுக்குத் தகடு பதிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மொத்தம் 20 யூனிட். மின்சாரப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஆக, நாளெல்லாம் வெயிலில் நின்றாலும் 20 கிலோமீட்டர்கூடத் தேறாது. நகரப் பேருந்து ஒரு நாளில் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. காற்றாலையை வண்டி மேலேயே வைக்கலாமே என்றால், அது தரும் மின்சாரத்தைவிட, காற்றைக் கிழித்துக்கொண்டு அதை இழுத்துப் போகத்தான் அதிகம் செலவாகும்.

அப்படியானால் சூரியனிலும் காற்றிலும் ஓடும் வண்டி என்பது, வேறெங்கோ நிலத்தில் பதித்த தகடும் நட்ட காற்றாலையும் தரும் மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிதான். இன்றைய நிலையில் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்தச் சாம்பலைச் சுவாசிப்பவர்கள் யார் என்று எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அது மாற வேண்டும். மாற வேண்டுமானால் தகடும் காற்றாலையும் பெருக வேண்டும். அவற்றுக்கு நிலம் வேண்டும். நிலம் என்று வந்துவிட்டால் அது நம் கேள்வி, தோழர்களே.

நிலம் யாருடையது?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் இருக்கிறது. கர்நாடகத்தில் பாவகடா சூரியப் பூங்கா சுமார் 13,000 ஏக்கர். பாவகடாவில் நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். வறண்ட பூமிக்காரருக்கு அது நல்ல வருமானம் என்று பலரும் பாராட்டினார்கள். நிலம் வைத்திருந்தவருக்குச் சரி. அந்த நிலத்தில் களை எடுத்தவருக்கு, கடலை பிடுங்கியவருக்கு, தரிசில் ஆடு மேய்த்தவருக்கு? குத்தகைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. காலங்காலமாக அந்த மண்ணில் உழைத்தவர் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. நிலமற்ற கூலிகளில் தலித்துகள் எவ்வளவு பேர் என்பதை நாம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அறிக்கையை அடுத்து 1892இல் தொடங்கி, தாழ்த்தப்பட்டோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் வரை என்று சொல்லப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதற்காகத்தான் 1994இல் காரணையில் போராட்டம் நடந்தது, இரண்டு தோழர்கள் துப்பாக்கிச்சூட்டில் உயிர் கொடுத்தார்கள். தரகர்கள் தரிசு நிலம் தேடி மானாவாரி மாவட்டங்களில் சுற்றும்போது, எந்தப் புல எண் பஞ்சமி, எது மேய்ச்சல் புறம்போக்கு என்று யார் பார்க்கிறார்கள்? நாம்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னால், அப்படியானால் சூரிய மின்சாரமே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் எதற்காக, எவ்வளவு என்று கணக்குப் பார்த்து வேண்டும். ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நான்கைந்து ஏக்கர் பிடிக்கும். அது சுமார் 20 நகரப் பேருந்துகளை நாள்தோறும் ஓட்டும். சென்னைக்குத் திட்டமிட்ட 625 மின்சாரப் பேருந்துகளுக்கும் சேர்த்து 160 ஏக்கர் போதும். பணிமனைக் கூரை, பேருந்து நிலையக் கூரை, அரசுக் கட்டடக் கூரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் விளைநிலத்தில் தேவைப்படுவது இன்னும் குறையும். கார் அப்படியல்ல. 50 பேர் ஏறிய பேருந்து ஆளுக்குச் செலவழிக்கும் மின்சாரத்தைப் போல நான்கு மடங்கை, ஒருவரோ இருவரோ போகும் மின்சாரக் கார் செலவழிக்கிறது. ஊரில் இருக்கும் கார் எல்லாம் மின்சாரக் காராக மாறுவதுதான் பசுமை என்றால், அதற்கு நிலம் கொடுக்கப்போவது கார் வைத்திருப்பவர் இல்லை. இப்படியிருக்க, மின்சாரக் காருக்குச் சாலை வரி விலக்குக் கொடுத்தது நம் அரசு. அந்த வரிப்பணம் வந்திருந்தால் எத்தனை பேருந்து வாங்கலாம் என்று யாராவது கணக்குப் போட வேண்டும்.

வியாசர்பாடிப் பணிமனை

2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். தாழ்தளப் பேருந்துகள். சக்கர நாற்காலியோடு ஏறலாம், வயதானவர்கள் முட்டி வலிக்காமல் ஏறலாம். புகை இல்லை. விடியற்காலையில் சாலையோரம் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களின் நுரையீரலுக்குள் போகும் நஞ்சு அந்த அளவுக்குக் குறையும். வடசென்னையில், உழைக்கும் மக்கள் நிறைந்த வியாசர்பாடியில் தொடங்கியதும் நல்லதே. இதையெல்லாம் நாங்கள் வரவேற்கிறோம்.

ஆனால் அந்தப் பேருந்துகள் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தமில்லை. தனியார் நிறுவனம் பேருந்தை வாங்கி, பராமரித்து, ஓட்டுநரையும் அதுவே வைத்து ஓட்டும். கழகம் நடத்துநரை அனுப்பும், ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கும். மொத்தச் செலவு ஒப்பந்தம் என்று இதற்குப் பெயர்.

இதில் நமக்கு என்ன இழப்பு? அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர் வேலை என்றால் அதில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு உண்டு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு உண்டு. அண்ணலுக்கு வண்டி ஓட்ட மறுத்த அதே நாட்டில், நம் அண்ணன்மார் காக்கிச் சட்டை போட்டு அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தது சாதாரண மாற்றம் இல்லை. அந்த ஒரு வேலையால் பிள்ளைகள் பட்டம் வாங்கிய வீடுகள் எத்தனை! எங்களோடு வேலை செய்யும் தோழர்களிலேயே ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள், நடத்துநர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறோம். ஒப்பந்த நிறுவனம் வைக்கும் ஓட்டுநருக்கு இடஒதுக்கீடு இல்லை, அரசு வேலையின் ஓய்வூதியமும் இல்லை. டீசல் பேருந்து ஒவ்வொன்றாக ஓய்வு பெற, அந்த இடத்தில் மின்சாரப் பேருந்து வர வர, நமது வேலைகள் சத்தமில்லாமல் கரையும். எஞ்சினைப் போலவே இதுவும் சத்தம் போடாது.

மின்சாரப் பேருந்தின் விலை அதிகம், அரசால் மொத்தமாக முதல் போட முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கிலோமீட்டர்க் காசு மக்கள் பணம். மக்கள் பணத்தில் போடும் ஒப்பந்தத்தில், இடஒதுக்கீட்டு முறைப்படி ஓட்டுநரை எடுக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதுவதற்கு எந்தத் தொழில்நுட்பம் தடுக்கிறது? பேட்டரிக்கு இத்தனை ஆண்டு உத்தரவாதம் கேட்டு எழுதுகிறவர்கள் சமூக நீதிக்கும் ஒரு பத்தி எழுதலாம்.

நிற்காத நிறுத்தம்

மீண்டும் அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறோம். நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு காலனி இருக்கிறது. பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் நிறுத்தம் ஊருக்குள், கோயில் பக்கத்தில். காலனிப் பெண்கள் ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்து போய், ஊர்க்காரர்கள் உட்காரும் நிழற்குடைக்கு வெளியே வெயிலில் நின்று ஏற வேண்டும். திரும்பி வரும்போது, "இங்க கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, கையில புள்ள இருக்கு" என்றால், "இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா" என்பது பதில். மனு கொடுக்கப் போனபோது ஓர் அதிகாரி எங்களிடம் கேட்டார்: "அங்க எத்தனை பேர் ஏறுவாங்க?" நிறுத்தம் இல்லாத இடத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எப்படி எண்ணிக் காட்டுவது?

இத்தனைக்கும் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கூலி வேலைக்குப் போகும் நம் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் அது எவ்வளவு பெரிய தொகை! பேருந்து நின்றால்தானே அந்த 888 ரூபாய் கைக்கு வரும்? சீட்டு இலவசம், நிறுத்தம் இல்லை என்றால் அந்தத் திட்டம் காலனி வாசலோடு நின்றுவிடுகிறது.

முதலில் புகையில்லாத வண்டி வரட்டும், சாதியைப் பிறகு பார்க்கலாம் என்று நல்ல மனதோடு சொல்லும் சூழலியல் நண்பர்கள் உண்டு. அவர்களிடம் நாங்கள் சொல்வது இதுதான். ரயில் வந்தபோதும் இதையே சொன்னார்கள், பேருந்து வந்தபோதும் சொன்னார்கள். ஒரே பெட்டியில் எல்லோரும் ஏறினால் தீண்டாமை தானாகப் போய்விடும் என்றார்கள். கொஞ்சம் போனது, மறுக்கவில்லை. மீதி, நாம் கேட்டபோதுதான் போனது. வழித்தடமும் ஒப்பந்தமும் நிலமும் முடிவாகும் காலம் இது. இப்போது கேட்காமல் விட்டால், எல்லாம் பதிந்து முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

என்ன செய்யலாம்?

படிக்கும் தோழர்கள், வேலை தேடும் தோழர்கள் எல்லோரும் இன்றே தொடங்கக்கூடியவை சில.

ஒன்று, உங்கள் வட்டாரத்தின் பேருந்து வழித்தடத்தை ஒரு தாளில் வரையுங்கள். எங்கே நிறுத்தம், எங்கே காலனி, இடையே எத்தனை மீட்டர் என்று அளந்து குறியுங்கள். கையில் படத்தோடு போகும் மனுவை எளிதில் ஒதுக்க முடியாது. கிராம சபையில் தீர்மானமாகவும் போடுங்கள்.

இரண்டு, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மின்சாரப் பேருந்து ஒப்பந்தத்தில் ஓட்டுநர்களை எடுக்கும் முறை என்ன? எடுத்தவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? பதில் வந்தாலும் செய்தி, வராவிட்டாலும் செய்தி.

மூன்று, உங்கள் பகுதியில் சூரிய மின் நிலையத்துக்கோ காற்றாலைக்கோ நிலம் பேசுவதாகத் தெரிந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் பழைய நிலப் பதிவேடுகளையும் பார்க்கக் கேளுங்கள். பஞ்சமி என்று தெரிந்தால் தனியாகப் போகாதீர்கள், அமைப்பாகப் போங்கள்.

நான்கு, நாம் பயணிகளாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தாட்கோ வழியாக வாகனம் வாங்கக் கடன் கிடைக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியமும் வட்டிச் சலுகையும் உண்டு. மின்சார ஆட்டோ, சிற்றுந்து, சார்ஜ் ஏற்றும் நிலையம் இவற்றுக்கு நம் இளைஞர்கள், நம் பெண்கள் குழுவாக விண்ணப்பிக்க உதவுங்கள். வங்கியில் அலைய விடுவார்கள், தெரிந்ததுதான். கூடப் போய் நில்லுங்கள்.

அந்த மாணவிக்கு எங்கள் பதில் இவ்வளவுதான். உங்கள் காலனிக்குப் பேருந்து வர வேண்டும். அது டீசலில் வந்தால் போதும் என்று நாம் ஏன் குறைத்துக் கேட்க வேண்டும்? புகையில்லாத, தாழ்தளப் பேருந்தாகவே வரட்டும். நம் நிலத்தைத் தின்னாத மின்சாரத்தில் ஓடட்டும். நம் அண்ணனோ அக்காவோ அரசு ஊழியராக அதை ஓட்டட்டும். காலனி வாசலில் நிற்கட்டும்.

அந்தப் பகுதியின் வழித்தடப் படத்தை அந்த மாணவியும் நண்பர்களும் வரையத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த கிராம சபைக்கு அதோடு போகிறோம்.

ஜெய் பீம்.